மலைநாட்டுக் கால்களும் கோசாய்குண்டத்து மூச்சும்

ஹாலிஎல, தெமோதரை, பசறை, நமுனுகுல எனத் தேயிலை மலைகளை ஒட்டியே வாழ்வு அமைந்துள்ள ஊவாப் பகுதியில், இமயத்தின் உயர்மலை ஏரி ஒன்றுக்கு நடந்துபோவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஓர் எண்ணம் விவாதத்துக்கே இடமில்லாத உண்மையாக முன்வைக்கப்படுகிறது. மலையில் பிறந்து, மலையில் நடந்து, செங்குத்தான சரிவுகளில் கொழுந்துக் கூடை சுமந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு மலை புதிதன்று என்பதும், மெதுவாக ஏறவேண்டும், இடையிடையே ஓய்வு நாள் வைக்கவேண்டும் என்ற விதிகளெல்லாம் கொழும்பு போன்ற கடலோர நகரங்களிலிருந்து புறப்படுவோருக்காக எழுதப்பட்டவை என்பதும் அவ்வெண்ணத்தின் சாரம். இதிலிருந்து பயணத் திட்டம் பற்றிய ஒரு முடிவும் எளிதாகப் பிறந்துவிடுகிறது: நல்ல சப்பாத்து, கம்பளி உடை, விமானச் சீட்டு, கிடைக்கும் விடுமுறைக்குள் அடங்கும் ஒரு நாட்கணக்கு ஆகியவை கைக்கு வந்தால் திட்டம் முடிந்துவிட்டது என்று கருதப்படுகிறது. நேபாளத்துப் பசுபதிநாதரைத் தரிசிக்கப் போகும் யாத்திரிகரிடையேயும், மலைநடையில் ஆர்வம் கொண்ட இளைஞரிடையேயும் ஒருசேர நிலவும் இவ்வெண்ணம், உடலியல் நோக்கிலும் பருவகால நோக்கிலும் பிழையானது. அந்தப் பிழை உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் அதை உபசாரமாகக் கடந்துபோவதற்கில்லை.

அவ்வெண்ணத்துக்கு உரிய நியாயத்தை முதலில் வழங்கிவிடுவது முறை. மலையகத்தாரின் தன்னம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சு அன்று. அதற்குப் பின்னே சிவனொளிபாதமலை நிற்கிறது. 2,243 மீற்றர் உயரமுள்ள அம்மலையை, டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரையிலான பருவத்தில், முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் இரவோடிரவாக ஏறி, விடியலைக் கண்டு, காலையிலேயே இறங்கிவிடுகின்றனர். எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருத்தி ஏறிய மலையைக் கண்ட குடும்பத்துக்கு, 'முதல் நாளே அதிகம் ஏறாதே' என்ற அறிவுரை கோழைத்தனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சிவனொளிபாதமலை கற்றுத்தருவது படிகளைக் கடக்கும் பொறுமையையும், குளிரையும் தூக்கமின்மையையும் தாங்கும் திறனையும்தான். காற்று மெலிந்த உயரத்தில் உறங்கி எழுவது எப்படி என்பதை அம்மலை கற்பிக்கவில்லை. அதன் உச்சி அந்த உயரத்தை எட்டுவதே இல்லை.

இங்கே சில அளவுகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காற்றில் உயிர்வளியாகிய ஒட்சிசனின் விகிதம் கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஏறத்தாழ 21 வீதமே. மேலே போகப்போகக் குறைவது காற்றின் அழுத்தம். அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசனின் அளவும் அதே விகிதத்தில் குறைகிறது. கடல்மட்டத்து அழுத்தத்தை நூறு எனக் கொண்டால், ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்திலுள்ள ஹாலிஎலயில் அது 92 ஆகவும், 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல உச்சியில் 78 ஆகவும் அமையும். நேபாளத்தின் லாங்டாங் தேசியப் பூங்காவுக்குள், 4,380 மீற்றர் உயரத்தில் கிடக்கும் கோசாய்குண்ட ஏரியின் கரையில் அது 60ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. உயரம் காரணமாக ஏற்படும் நோய், மிகப் பெரும்பாலானோரிடம், 2,500 மீற்றருக்கு மேலே உறங்கும்போதுதான் தலைகாட்டும் என்பது மருத்துவ நூல்கள் பொதுவாக ஏற்கும் எல்லை. இலங்கையின் ஆக உயர்ந்த சிகரமான பீதுருதாலகால 2,524 மீற்றர். ஆகவே இத்தீவு முழுவதும், அந்த ஒரு சிகரத்தின் நுனியைத் தவிர, நோய் தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே கிடக்கிறது. ஹாலிஎல நிலையத்தில் ஏறி, நாட்டின் ஆக உயரமான புகையிரத நிலையமாகிய 1,898 மீற்றர் உயரப் பட்டிப்பொலவைக் கடந்து கொழும்புக்குப் போகும் பயணிக்குத் தலைவலி வருவதில்லை என்பது அவருடைய உடலின் சிறப்பைக் காட்டும் சான்றாகாது; அந்த உயரத்தில் கொழும்புக்காரருக்கும் தலைவலி வருவதில்லை.

இந்த எல்லைக்கு மேலே உடல் செய்யவேண்டிய வேலையை உயர இசைவு எனலாம். மூச்சு வேகமெடுக்கிறது, வேகமூச்சால் கரியமிலவாயு வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது, அந்த மிகையைச் சிறுநீரகங்கள் வடித்து வெளியேற்றிய பின்னரே மூச்சு மேலும் ஆழமாகச் செல்ல இடம் கிடைக்கிறது. சிறுநீரகத்தின் இவ்வேலைக்கு நாட்கள் தேவை. மன உறுதியாலோ தொடைத் தசையாலோ அதை விரைவுபடுத்த இயலாது. இசைவு கிட்டுமுன் மேலே ஏறி உறங்கினால் தலைவலி, குமட்டல், சோர்வு, கிறுகிறுப்பு ஆகியவை சேர்ந்த உயர நோய் வருகிறது. அது முற்றினால் மூளையில் நீர் கோத்து வீங்கும் மூளை வீக்கமாகவோ, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கசிந்து நிறையும் நுரையீரல் நீர்க்கோவையாகவோ மாறி, கீழே இறக்கப்படாவிட்டால் ஒன்றிரண்டு நாட்களுக்குள், சிலவேளை சில மணி நேரத்துக்குள்ளேயே, உயிரைப் போக்கிவிடும்.

கோசாய்குண்டத்தை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், மலையகத்துச் சைவர்கள் அதை நாடக்கூடும் என்பது மட்டுமன்று; மேற்சொன்ன எண்ணத்தைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான இடம் உலகில் அரிது. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான், தொண்டையின் எரிவைத் தணிக்கத் திரிசூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த நீரே அந்த ஏரி என்பது அங்குள்ள ஐதீகம். பூணூல் மாற்றும் ஜனை பூர்ணிமா நாளில், அதாவது தமிழரின் ஆவணி அவிட்டத்தையும் இலங்கையின் நிக்கினி போயா தினத்தையும் பெரும்பாலும் ஒட்டி வரும் பௌர்ணமியில், பல்லாயிரவர் அங்கே நீராடக் கூடுகின்றனர். அவர்களில் மிகப் பலர் நேபாளத்தவர். மலைச்சரிவில் வீடு கட்டி, மலைச்சரிவில் பயிர்செய்து, சுமையோடு மலை ஏறி இறங்கிப் பழகிய மக்கள். ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்திலுள்ள துஞ்சே ஊரிலிருந்து ஒன்றிரண்டு நாட்களிலேயே அவர்கள் ஏரியை அடைந்துவிடுகின்றனர். நேபாள மருத்துவர்கள் இவ்விழாவின்போது யாத்திரிகர் 228 பேரைப் பரிசோதித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களில் 68 வீதத்தினருக்கு உயர நோய் இருந்தது; 31 வீதத்தினரிடம் மூளை வீக்கத்துக்கான அறிகுறிகளும், 5 வீதத்தினரிடம் நுரையீரல் நீர்க்கோவையும் காணப்பட்டன. கடவுளை நாடி வந்த மலைமக்களில் மூன்றில் ஒரு பங்கினர், நேராக ஒரு கோட்டில் நடக்க இயலாமல் தள்ளாடும் நிலையில் அந்தக் கரையில் இருந்தனர் என்பதே இவ்வெண்களின் பொருள். மலைவாழ்வே காப்பு என்ற கருத்து உண்மையாயின், அது முதலில் காப்பாற்றியிருக்க வேண்டியவர்கள் இவர்களே. இமயத்து ஊர்கள் பலவற்றில் இந்நோய்க்கு மலைப்பூக்களின் நச்சு மணமே காரணம் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. ஆலகாலக் கதை வழங்கும் ஏரிக்கரையில் அந்நம்பிக்கை வேரூன்றியதைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றாலும், குற்றவாளி பூவன்று, நாட்கணக்கு.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினர் எழுப்பக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மலை விடுதிகளுக்கு வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வொன்று, தாழ்ந்த நிலத்தில் நிலையாக வாழ்வோரைவிட, ஓரளவு உயரத்தில் வாழ்வோருக்கு நோய் குறைவாகவே வருகிறது என்று காட்டியது. ஆகவே வாழிடத்தின் உயரம் அறவே பொருட்டில்லை என்று சொல்வது சரியாகாது. ஆனால் அந்த ஆய்வு தாழ்நிலம் என்று கொண்ட எல்லை 3,000 அடி, அதாவது ஏறத்தாழ 900 மீற்றர்; ஹாலிஎலயும் பதுளை நகரமும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே உள்ளன. நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ வாழ்பவர் இச்சலுகையில் சிறு பங்கு கோரலாம். அதுவும் அந்த ஆய்வு நடந்த, 3,000 மீற்றருக்கு உட்பட்ட உயரங்களுக்கே பொருந்தும். 4,380 மீற்றரில் உறங்குவதற்கு அது உரிமைச்சீட்டு ஆகாது.

திபெத்தியரும் செர்பாக்களும் அந்த உயரங்களில் இயல்பாக வாழ்கிறார்களே என்பது அடுத்த மறுப்பு. அவர்களுடைய உடலில் இரத்தச் சிவப்பணுக்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு மாற்றங்கள் பரவலாக உள்ளன என்பதை 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள், 4,000 மீற்றரை ஒட்டிய உயரங்களில் வாழ்ந்ததால் தேர்வுற்று நிலைத்தவை. மலையகத் தமிழர் தம் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தனர். இருநூறு ஆண்டுகள் என்பது ஏழெட்டுத் தலைமுறை. அதுவும் தமிழகத்தின் சமவெளி மாவட்டங்களிலிருந்து வந்து, 2,000 மீற்றருக்கு உட்பட்ட மலைகளில் கழிந்த காலம். பண்பாட்டில் மலைமக்களானோர் குருதியில் சமவெளி மக்களாகவே இருக்கிறார்கள் என்பதில் இழுக்கு ஏதுமில்லை.

இதே பேச்சில், நடந்தே வந்த மக்களின் வாரிசுகள் என்ற பெருமிதமும் அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த அந்தப் பயணம் வரலாற்றில் மறக்கக்கூடாதது. ஆனால் அந்த வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர்கள் கால்வலு குறைந்ததால் மாளவில்லை. அவர்களை அழைத்துவந்த முறையில் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் மருந்துக்கும் திட்டம் இல்லாததால் மாண்டார்கள். அந்த நினைவை, திட்டமின்றிப் புறப்படுவதற்கான துணிச்சலாக மாற்றிக்கொள்வது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

உடற்பயிற்சி பற்றிய நம்பிக்கையும் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்தது. தினமும் நாரங்கலை மலையை ஏறி இறங்கும் இளைஞனுக்கு நடை எளிதாகும், மூட்டு வலி குறையும், பயணம் இன்பமாகும். உயர நோய் வருமா வராதா என்பதில் மட்டும் அப்பயிற்சிக்குப் பங்கில்லை. சொல்லப்போனால் வலுவான கால்கள் ஒருவகையில் ஆபத்தானவை. இரண்டு நாள் ஏற்றத்தை ஒரே நாளில் முடித்துவிடும் ஆற்றல் இளைஞனுக்கே உண்டு, ஆகவே இசைவு பெறாத உடலோடு ஆக உயரத்தில் உறங்கும் வாய்ப்பும் அவனுக்கே அதிகம். பயிற்சிக்கு முன்னரே செய்யவேண்டிய எளிய காரியம் ஒன்றைப் பலர் விட்டுவிடுகின்றனர்: இரத்தப் பரிசோதனை. தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாக இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஒட்சிசனைச் சுமக்கும் குருதிப்பொருளே குறைந்த உடலோடு ஒட்சிசன் குறைந்த இடத்துக்குப் போவது இரட்டைச் சுமை.

நடக்காமல் வாகனத்தில் போனால் ஆபத்தில்லை என்ற துணைக் கருத்து, கைலாய யாத்திரையைத் திட்டமிடுவோரிடம் அதிகம் காணப்படுகிறது. ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்திலுள்ள மானசரோவர் ஏரிக்கு நேபாளம் வழியாகப் போகும் சாலைப் பயணத்தில், ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரக் கேரூங்கிலிருந்து 4,500 மீற்றரை ஒட்டிய சாகா நகருக்கு ஒரே பகலில் பஸ் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. பஸ் கால்களுக்கு ஓய்வு தருகிறது. சிறுநீரகத்துக்குத் தேவையான நாட்களையோ பறித்துக்கொள்கிறது. இந்திய அரசு தன் குடிமக்களுக்காக நடத்தும் யாத்திரையில் எழுபது வயதுக்கு மேற்பட்டோரைச் சேர்ப்பதில்லை. தில்லியில் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து, லிபுலேக் வழியில் போவோரைக் குஞ்சி முகாமில் மறுபடியும் பரிசோதித்து, தகுதியற்றோரைத் திருப்பி அனுப்புகிறது. இலங்கையர் அந்த ஏற்பாட்டில் சேர முடியாது. தனியார் ஏற்பாடுகளிலேயே போகிறார்கள். அங்கே அந்தச் சல்லடை கட்டாயமில்லை என்பதால், அதைத் தாமே அமைத்துக்கொள்ளும் கடமை பயணிகளுடையது ஆகிறது. கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் பெருமான் கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தேய்ந்த பின்னும் போக விரும்பியதாகவும், அவரை ஒரு பொய்கையில் மூழ்கச்செய்து இறைவன் திருவையாற்றுக்கே திருப்பி அனுப்பியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. பக்தியின் உச்சத்தைச் சொல்ல வந்த அக்கதையிலும், பயணம் பாதியில் நிறுத்தப்படுவது அருளாகவே காட்டப்படுகிறது என்பதை யாத்திரை ஏற்பாட்டாளர் கவனிக்கலாம்.

பருவகாலத்தைப் பொறுத்தவரையில் மலையகத்தாரின் பழக்கம் உதவாமல் போவதோடு நிற்பதில்லை. நேர்எதிரான திசையில் இட்டுச்செல்கிறது. இதை விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைத்தொடரைத் தாண்டி ஊவாவில் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும் அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலை உலகம் அறிந்த தன் தனிமணத்தைப் பெறுகிறது. வானம் தெளிந்து, பாதைகள் காய்ந்து, அட்டைகள் ஒடுங்கி, நமுனுகுல உச்சியிலிருந்து தொலைதூரம் தெரியும் அம்மாதங்களே ஹாலிஎலக்காரரின் மனத்தில் மலையேறும் மாதங்கள். பாடசாலை விடுமுறையும் ஆகஸ்டில் வருகிறது. ஜனை பூர்ணிமாவும் அப்போதுதான். மூன்றும் ஒன்றுசேர்ந்து ஆகஸ்ட் பயணத்தை இயல்பானதாகக் காட்டுகின்றன. ஆனால் அதே பருவக்காற்று, அதே மாதங்களில், நேபாள மலைகளின் தென்முகச் சரிவில் மோதி முழுவீச்சில் மழையாகப் பெய்கிறது. காத்மண்டுவிலிருந்து துஞ்சே போகும் மலைச்சாலை மண்சரிவுகளுக்குப் பெயர்பெற்றது. பாதையில் வழுக்கல், மேலே மூடுபனி, நனைந்த உடையோடு இரவில் உறையும் குளிர் என்பதே அந்தப் பருவத்தின் நிலை. விழாவுக்காக இமாலய மீட்புச் சங்கத்தினர் ஏரியருகே தற்காலிக மருத்துவ முகாம் அமைப்பது ஒன்றே அம்மாதத்துக்குச் சாதகமான செய்தி.

மறுபுறம், இமயத்தில் வானம் தெளியும் ஒக்டோபரும் நவம்பரும் ஊவாவில் இடைப்பருவ மழையின் காலம்; வடகீழ்ப் பருவமழையும் அதைத் தொடர்ந்து வருகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது அப்படியொரு மழையில்தான். மலைச்சரிவு நனைந்து கனக்கும் மாதத்தில் வீட்டை விட்டுப் போகத் தயங்குவது ஊவாவில் முறையான தயக்கம். ஆயினும் நேபாளப் பயணத்துக்கு அம்மாதமே ஏற்றது. அதே 2014 ஒக்டோபரில் வங்கக் கடலில் உருவாகி, 12ஆம் திகதி விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயல், இரண்டு நாட்களுக்குப் பின் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியைக் கொட்டி, மலைநடைப் பயணிகளும் வழிகாட்டிகளும் உள்ளூர் மக்களுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தெளிந்த பருவம் என்பது சராசரியைப் பற்றிய கூற்று. குறிப்பிட்ட வாரம் ஒன்றுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை. வங்கக் கடலின் புயற்செய்தியை ஊவாவில் கேட்டு அஞ்சப் பழகியவர்கள், நேபாளத்தில் இருக்கும்போதும் அதே கடலின் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது பயணக் கையேடுகளில் அதிகம் இடம்பெறாத ஒன்று.

பனிப்புயல் உயர ஏரிகளில் என்ன செய்யும் என்பதற்கு அண்மைச் சான்று உத்தராகண்டின் சஹஸ்திர தால் ஏரி. 4,000 மீற்றருக்கும் மேலே உள்ள அந்த ஏரிக்கு 2024இல் சென்ற, பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்களான 22 பேர் கொண்ட குழு, ஜூன் முதல் வாரத்தில் திடீர்ப் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் மாண்டனர், எஞ்சிய 13 பேர் மீட்கப்பட்டனர். அக்குழுவில் மலைநடை அனுபவமுள்ளோர் பலர் இருந்தனர். இந்நிகழ்வில் யார் மீது குற்றம் என்பது இங்கு பொருளன்று. உயரத்தோடு குளிரும் காற்றும் சேர்ந்து தாக்கும்போது, மறுநாள் வரை காத்திருக்க ஒரு நாள் கையிருப்பில் இருக்கிறதா, ஒதுங்க இடம் எத்தனை மணிநேரத் தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கான விடை, மலைக்குப் போகுமுன்னே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே பொருள்.

குளிசையும் கர்ப்பூரமும் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அசெட்டசோலமைட் என்னும் குளிசை சிறுநீரகத்தின் மேற்சொன்ன வேலையை விரைவுபடுத்துவதால் உண்மையிலேயே பயன் தருவது. வைத்தியரின் ஆலோசனையோடு, ஏற்றம் தொடங்குமுன்னே எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆயினும் குறைக்கப்பட்ட நாட்களுக்கு அது ஈடாகாது. கர்ப்பூரத்தை முகர்வது மூக்கில் குளிர்ச்சியை உண்டாக்குமேயன்றி இரத்தத்தில் ஒட்சிசனைக் கூட்டாது. கொவிட் காலத்தில் வீடுதோறும் வந்துசேர்ந்த, இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் விரல்மாட்டிக் கருவியை நம்பி முடிவெடுப்பதும் பிழை. அந்த உயரத்தில் நலமாக இருப்பவருக்கும் எண் எண்பதுகளில் நிற்கலாம், ஆகவே எண்ணைவிட நடையைப் பார்ப்பதே மேல். குதிகாலோடு பெருவிரல் தொட ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடுபவர், எண் எதுவாயினும், அந்த நேரமே கீழே இறக்கப்பட வேண்டியவர்.

ஓய்வு நாட்கள் பயண நிறுவனங்களின் பணம் பறிக்கும் தந்திரம் என்ற வாதம், சந்தை இயங்கும் திசையையே மாற்றிக் காட்டுகிறது. விடுமுறை குறைந்த மக்களுக்கு விற்கும் நிறுவனத்துக்கு இலாபம் தருவது நாட்களைக் கூட்டுவது அன்று, குறைப்பது. குறைந்த நாளில் ஏரியைக் காட்டுவதாகச் சொல்பவரிடமே கூட்டம் சேர்கிறது. மருத்துவ வழிகாட்டுதல்களோ 3,000 மீற்றருக்கு மேலே, முந்திய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மிகாத உயரத்தில் அடுத்த இரவு உறங்கவேண்டும் என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்றும் கூறுகின்றன. இதைக் கோசாய்குண்டத்தின் மேல் பொருத்திப் பார்த்தால், 1,400 மீற்றர் உயரக் காத்மண்டுவிலிருந்து துஞ்சே, அடுத்த நாள் 2,600 மீற்றரை ஒட்டிய தேவ்ராலி, பின்னர் 3,300 மீற்றரை ஒட்டிய சந்தன்பாரியில் இரண்டு இரவுகள், அதன்பின் சோலாங்பாட்டி, 3,900 மீற்றரை ஒட்டிய லௌரிபினா, அதற்கும் பிறகே ஏரி என்று கணக்கு விரிகிறது. இறங்க இரண்டு நாட்கள், வானிலைக்கென ஒதுக்கிய இரண்டு நாட்கள், கொழும்பு போய்வரும் நாட்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாது. ஏப்ரல் வானிலை நேபாளத்தில் சாதகமே என்றாலும், புத்தாண்டை ஒட்டிய ஒரு வாரத்துக்குள் இதை அடக்க முடியாது. அடங்காத பயணத்தை அடக்கிக் காட்டும் அட்டவணையைத் திட்டம் என்று அழைப்பதற்கில்லை. ஒரு வாரமே விடுமுறை உள்ளவருக்கு ஹோட்டன் சமவெளியும் கிரிகல்பொத்தயும் இருக்கின்றன. ஏரிதான் வேண்டுமென்றால், விடுமுறையைச் சேமித்து இன்னோர் ஆண்டில் போகலாம்.

செலவுக் கணக்கிலும் மனப்பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. சார்க் நாட்டவர்க்கு நேபாளம் ஆண்டில் முதல் முப்பது நாட்களுக்குக் கட்டணமின்றி விசா தருவதால், பயணம் மலிவானது என்ற எண்ணம் உருவாகிறது. பிறகு வழிகாட்டியையும் காப்புறுதியையும் வெட்டிச் செலவைக் குறைக்கும் ஆசை எழுகிறது. வெளிநாட்டு மலைநடையாளர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே செல்லவேண்டும் என்று நேபாளம் 2023 ஏப்ரல் முதல் விதித்திருப்பதால் முதலாவதை வெட்ட இயலாது. இரண்டாவதை எடுக்கும்போது, ஹெலிகொப்டர் மீட்பு அதில் அடங்குகிறதா, எத்தனை மீற்றர் உயரம் வரை அது செல்லும் என்பதைப் பத்திரத்தில் தேடிப் படிக்கவேண்டும். பொதுவான பயணக் காப்புறுதிகள் பல, கோசாய்குண்டத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன.

சுமைதூக்கும் தொழிலாளியின் பாதுகாப்பையும் இதே கணக்கில் சேர்க்கவேண்டும். சுமைதூக்குவோரில் பலர் தாழ்ந்த மலையூர்களிலிருந்து கூலிக்காக வருபவர்கள். அவர்களுக்கும் உயர நோய் வரும், அவர்களுக்கும் குளிரும். நோயுற்ற சுமைகாரர் கூலி கொடுக்கப்பட்டுத் தனியே கீழே அனுப்பப்பட்டு இறந்துபோன நிகழ்வுகளின் பின்னணியிலேயே 1997இல் அவர்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புக் குழு தோன்றியது. மலைமகன் என்பதால் தாங்குவான் என்று அவர்களைப் பற்றி வெளிநாட்டார் சொன்னதும், மலையகத்தார் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதும் ஒரே வாக்கியமே. துரைமார் காலத்தில் அதே வாக்கியம் தோட்டத் தொழிலாளியைப் பற்றியும் சொல்லப்பட்டது; கொட்டும் மழையில் கொழுந்தெடுப்பவருக்குக் குளிராது என்று நம்புவது கங்காணிக்கும் துரைக்கும் வசதியாக இருந்தது.

எஞ்சியிருப்பது, திரும்பும் முடிவை எடுப்பவர் யார் என்ற கேள்வி. யாத்திரைக் குழுக்களில் மூத்தவர் சொல்லே இறுதியானது. ஒரு பெரியப்பாவோ மாமாவோ 'இன்னும் கொஞ்சம்தானே' என்றால், தலைவலியால் துடிக்கும் இளையவர் வாய்திறக்க மாட்டார். அந்த மரியாதை வீட்டில் அழகானது. 4,000 மீற்றரில் அதற்கு இடமில்லை. ஆகவே ஹாலிஎலயில் இருக்கும்போதே, எல்லோர் முன்னிலையிலும், சில விதிகள் எழுதிக் கையெழுத்திடப்பட வேண்டும்: தலைவலியோடு எவரும் மேலே ஏறுவதில்லை, அறிகுறி முற்றினால் இரவானாலும் இறக்குவது, நோயுற்றவர் ஒருபோதும் தனியே இறக்கப்படுவதில்லை, அவரோடு இறங்கப்போகும் துணை இன்னாரென முன்பே பெயர் குறிக்கப்படும், அத்துணைவரின் கையில் அவ்விருவரும் காத்மண்டு திரும்பப் போதுமான பணமும் இருவர் கடவுச்சீட்டுகளும் தனியே இருக்கும், அவருடைய முடிவை மூத்தவர் உட்பட யாரும் மாற்ற முடியாது. இக்கடைசி விதிக்குக் குடும்பம் இணங்கவில்லையென்றால், அந்தக் குழுவுக்கு விமானச் சீட்டு எடுக்காமலிருப்பதே நல்லது.